ஐஸ் சூடாக் கிடந்த வருசம்

மெரிடன் எண்ட எங்கட ஊரில ஐஸ் ஹொக்கி விளையாடாமல் போன ஒரேயொரு வருசத்தில, மைதானத்து ஐஸ் ஐப்பசி தொடங்கி மாசி மட்டும் உருகாமல், தண்ணியாகாமல், இறுகின கல்லாவே இருந்துகொண்டு சூடாக் கிடந்தது. அதுக்கு ஆரும் என்னட்டை வந்து விளக்கம் கேக்கவேண்டாம். முப்பத்தொரு வருசமா அந்த ஐஸை இழைச்சு மினுக்கிற வண்டி ஓட்டினவன் நான், எனக்கே தெரியாது, தெரிஞ்ச மாதிரிக் கதைக்கிறவையைக் கண்டால் இப்பவும் எனக்குப் பத்திக்கொண்டு வரும்.

என்ர பேர் சபாநாதன், கனடாவுக்கு வந்து இந்த ஏரிக்கரை ஊரில இறங்கின நாளில இருந்து எல்லாருக்கும் சபா அண்ணை. எங்கட குழுவுக்கு மெரிடன் நீர்நாய்கள் எண்டு பேர், சம்பளத்துக்கு விளையாடுற குழு, லீக்கில இருந்த பன்னிரண்டு குழுவில எங்கடது ஒண்டு. அந்தப் புரட்டாதியில முதலாளிமாருக்கும் வீரர் சங்கத்துக்கும் கொழுவல் வந்தது. விளையாட்டில காயப்பட்டு விழுந்தவனை சீசன் நடுவிலயே ஒப்பந்தத்தை முறிச்சு வீட்டை அனுப்பலாம் எண்டு முதலாளிமார் புதுசா ஒரு பிரிவு எழுதிக்கொண்டு வர, உதில கையெழுத்து வைக்கமாட்டம் எண்டு வீரர்கள் சொல்ல, அப்ப உங்களுக்கு விளையாட்டும் இல்லை எண்டு முதலாளிமார் பன்னிரண்டு குழுவையும் பூட்டிப்போட்டினம். பொப்கோர்ன் விக்கிறவை, டிக்கெட் கிழிக்கிறவை, உடுப்புத் தோய்க்கிறவை எல்லாரையும் வீட்டை போகச் சொல்லியாச்சு. மைதானம் நகரசபையின்ர சொத்து எண்டபடியால், மெசின்களைப் பாக்க என்னை மட்டும் அரைநேர வேலையில வச்சிருந்திச்சினம். கரண்ட் மிச்சம் பிடிக்க ஐஸ் உறைய வைக்கிற மெசினையும் நிப்பாட்டிப்போட்டு, ரெண்டு நாளில உருகிப்போம், மூண்டாம் நாள் தும்புத்தடியோட வந்து தண்ணியைத் தள்ளிவிடு எண்டிச்சினம்.

உருகேல்லை. உருகேல்லை எண்டதை முதலில கண்டுபிடிச்சது நானில்லை, யோகராணி. யோகராணி எண்டால் குழுவின்ர உடுப்புத் தோய்க்கிற அறையில பதினாறு வருசம் வேலைசெய்த மனிசி, எனக்கு ரெண்டு வயசு இளையவ, என்னை அண்ணை எண்டு கூப்பிடுறவ. எங்கட சனத்துக்கு அங்க ஒரு பழக்கம் இருந்தது, வேலைக்குக் கொண்டுவாற சாப்பாட்டை ஐஸ் ஓரத்தில, தடுப்புப் பலகைக்குக் கீழ ஒளிச்சு வைக்கிறது, நான் கத்திக் கத்திக் களைச்சுப்போனன், ஒருத்தரும் விட்டபாடில்லை. தன்ர சாமான்களை எடுத்துக்கொண்டு போக வந்த அண்டைக்கு, வாற வழியில கிரைண்டர் வச்சிருக்கிற பரமேஸ் வீட்டில அரைச்ச தோசைமாவை வாளியோட வாங்கிக்கொண்டு வந்தவ, பழக்கதோசத்தில அதை ஐஸில வச்சிட்டு, மறந்துபோய் வீட்டை போயிட்டா. தோசைமா எங்கட ஊர்க் குளிருக்குள்ள லேசில பொங்காது, கேக் சுடுற அவணுக்குள்ள லைட்டைப் போட்டு, கம்பளி சுத்தி, கைக்குழந்தையைப் பாக்கிறமாதிரிப் பாக்கவேணும். விடிய வந்து பாத்தால் மா பொங்கி, மூடியைத் தள்ளி, வாளிக்கு வெளியில வழிஞ்சு, ஐஸில கீறியிருக்கிற சிவத்தக் கோட்டைத் தாண்டி ஓடிக்கிடக்குது. அவ குனிஞ்சு ஐஸைத் தொட்டுப் பாத்தா. காய்ச்சல்காரப் பிள்ளையின்ர நெத்தியைப் போல இருந்ததாம். என்னைக் கூப்பிட்டு, அண்ணை, உங்கட ஐஸுக்குக் காய்ச்சல் எண்டு சொல்லிப்போட்டு, வழிஞ்ச மாவை வழிச்செடுக்கத் துவங்கினா.

நகரசபை ஒரு என்ஜினியரை அனுப்பிச்சுது. அந்த மனுசன் ரெண்டு நாள் துளைச்சுத் துளைச்சு அளந்து, ஐஸ் நல்ல ஐஸ்தான், உறுதியாயிருக்குது, முப்பத்தெட்டுப் பாகை சூடு எண்டு எழுதிக் கையெழுத்து வச்சிட்டு, சப்பாத்தையும் சொக்ஸையும் கழட்டிப்போட்டுக் கொஞ்சநேரம் அதில நிண்டு பாத்திட்டுப் போனார். அதுக்குப் பிறகு ஆர் ஆரை மறிக்கிறது? முதல் கிழமை பரமேஸும் இன்னும் நாலு பெண்டுகளும் மா வாளிகளோட வந்தினம், அடுத்த கிழமை மிளகாய் காயவைக்க வந்தினம், வெளியில இருவது அடி தூரம் தெரியாமல் பனி கொட்டிக்கொண்டிருக்க உள்ள கோல் கம்பத்தடியில செத்தல் மிளகாயும் மோர்மிளகாயும் காய்ஞ்சுது. பேந்து மூட்டுவலிக்கார வெள்ளைக்காரக் கிழவன் கிழவியள் தலகணியோட வந்து நடுவட்டத்தில படுத்தினம். தேவாலயத்துப் பாதிரியார் பாண் மாவோட வந்தார். பிள்ளை பிறந்து பதினெட்டு நாளான ஒரு சீனப் பெட்டை, பெத்த உடம்புக்கு நல்லது எண்டு தாயையும் கூட்டிக்கொண்டு வந்து மூலையில இருந்தா. முப்பத்தொரு வருசமா என்ர ஐஸில சப்பாத்துக் காலோட ஏறினவனை நான் வாய்க்கு வந்தபடி பேசினவன், இப்ப வாசலில நிண்டுகொண்டு சப்பாத்தைக் கழட்டுங்கோ, சொக்ஸோட போங்கோ எண்டு கோயில் வாசலில நிக்கிறவன்போலச் சொல்லிக்கொண்டிருந்தன். ஐஞ்சாம் கிழமை நகரசபை ஒரு அறிவித்தல் ஒட்டிச்சுது, சிவத்தக் கோட்டுக்கு அங்கால மா வாளி வைக்கக்கூடாது, படுக்கிறவை குறட்டை விட்டால் மற்றவை எழுப்பலாம் எண்டு. ரெண்டாவதைப் பற்றித்தான் கனக்கச் சண்டை வந்தது.

வீரர்கள் வெளியில பதாகையோட நிண்டினம். எங்களுக்கு அதில நிண்டதில முக்கியமானவன் ஆரூரன், யோகராணியின்ர ஒரே மகன், தகப்பன் இல்லாமல் அவ தனிய வளத்த பிள்ளை, ஆறடி மூண்டு அங்குலம், பின்வரிசையில நிண்டு தன்ர கோலுக்கு முன்னால வாறவனை உடம்பால மறிக்கிறது அவன்ர வேலை. லீக்கிலயே ஒரே தமிழ்ப் பெடியன். மரக்கறிக் கடையில அவன்ர படத்துக்கு மாலை போட்டு வச்சிருந்து, மாலை செத்தவைக்கெல்லோ எண்டு யோகராணி போய்ச் சண்டை பிடிச்சுக் கழட்டினவ. அந்த யோகராணிதான் ஒவ்வொரு நாளும் மத்தியானம் வீரர்களுக்குச் சாப்பாடு கொண்டுவந்தா. ஆட்டிறைச்சி ரோல்ஸ், இடியப்பமும் சொதியும், சூடான ஐஸில பொங்கின மாவில தோசை. ஃபின்லாந்தில இருந்து வந்த கோல்காரன் யூஹானி சம்பலைத் திண்டு கண்ணீர் வடிய நிண்டு இன்னும் கேப்பான். கப்டன் லெவாசர், உங்களைப் போல ஒரு மனிசி எங்களோட நிக்கேக்கை நாங்கள் விட்டுக்குடுக்கவே மாட்டம் எண்டு அவவைக் கட்டிப்பிடிச்சான். பேப்பரில படமும் வந்தது, தன்ர வேலை போயும் தொழிலாளர் பக்கம் நிக்கிற தாய் எண்டு. எனக்கெண்டால் எரிச்சல். பொப்கோர்ன்கார நேசம் வீட்டில முழங்காலைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறா, டிக்கெட் கிழிக்கிற செல்லத்துரை கோழிப் பண்ணையில இறகு பிடுங்கப் போறார், இவ ரோல்ஸ் சுட்டுக் குடுத்து இவங்களை இன்னும் முறுக்கிவிடுறா எண்டு மனசுக்குள்ள பேசிக்கொண்டு திரிஞ்சன். வெளியில சொல்லேல்லை, ரோல்ஸ் எனக்கும் தந்தவ.

தை மாசம் குளிர் கூட, வீரர்களும் பதாகைகளை வாசலில சாத்திப்போட்டு உள்ள வந்து படுக்கத் துவங்கிச்சினம். முழங்கால், தோள், நாரி எண்டு அவையவையின்ர நோவை ஐஸில வச்சுக்கொண்டு, பெண்டுகளின்ர வாளியளுக்கு இடையில அந்தப் பெரிய உடம்புகள் கிடந்தது. ஆரூரன் எப்பவும் ஒரே மூலையில, முகத்தில துவாயைப் போட்டுக்கொண்டு, வெளிச்சம் படாமல் படுப்பான். ஒருநாள் மத்தியானம் நான் கிட்டப் போய், தம்பி, துவாயை எடு, மூச்சு முட்டப்போகுது எண்டன். அவன் துவாயை விலக்கி என்னைப் பாத்தான். சின்னனில இருந்து சபா மாமா, சபா மாமா எண்டு என்ர வண்டியில தொங்கின பிள்ளை, என்ர முகத்தைப் பாத்துக்கொண்டு பேரைத் தேடுறான், வாய் திறக்குது, பேர் வரேல்லை. பிறகு சும்மா சிரிச்சு, ஓம் மாமா எண்டான். நான் திரும்பினால் பின்னால யோகராணி கரண்டியோட நிக்கிறா. நான் கண்டதை அவ கண்டிட்டா.

என்னைத் தோய்க்கிற அறைக்குள்ள கூட்டிக்கொண்டு போய், நிப்பாட்டிக் கிடந்த மெசினில சாஞ்சுகொண்டு எல்லாத்தையும் சொன்னா. போன பங்குனியில கடைசி ஆட்டத்தில அவனுக்கு மண்டையில அடிபட்டது. எழும்பிக் கையைக் காட்டிப்போட்டு விளையாடினவன், டொக்டரிட்டை ஒண்டுமில்லை எண்டு சொன்னவன். ஆனால் உடுப்புத் தோய்க்கிறவளுக்கு மறைக்கேலாது எல்லோ. சத்தி எடுத்த தலகணி உறையைத் தானே அலம்பிப்போட்டுக் கூடையின்ர அடியில ஒளிச்சு வச்சிருக்கிறான், யன்னலுக்குக் கறுத்தத் துணி அடிச்சிருக்கிறான், ஒரே உடுப்பை மூண்டு நாள் போட்டது அவனுக்கே நினைவில்லை. இன்னொரு அடி விழுந்தால் பிள்ளை பிள்ளையா இருக்கமாட்டான் எண்டு அவ தனக்குத் தெரிஞ்ச ஒரு நேர்ஸிட்டை கேட்டு வச்சிருந்தா. அவனுக்கு அவ ஒண்டும் காட்டிக்கொள்ளேல்லை, அவனும் அவவுக்கு ஒண்டும் சொல்லேல்லை.

"அப்ப இந்த ரோல்ஸ், இடியப்பம், சொதி எல்லாம்?" எண்டு கேட்டன்.

"அவையள் பசியில களைச்சுப்போய்க் கையெழுத்து வச்சிடக் கூடாது, அண்ணை. வச்சால் சீசன் துவங்கும், துவங்கினால் இவன் இறங்குவான். நேசத்தின்ர வேலை, செல்லத்துரை அண்ணையின்ர வேலை, உங்கட வேலை எல்லாத்தையும் நான்தான் திண்டனான். என்ர பிள்ளைக்காகத் திண்டனான். பேசிறதெண்டால் பேசுங்கோ."

நான் வெளியில வந்து என்ர வண்டிக்குள்ள ஏறி இருந்தன். அவவில கோவமும் போகேல்லை, அவ சொன்னது பிழை எண்டும் சொல்லத் தெரியேல்லை. அண்டையில இருந்து அந்த இரகசியம் எனக்கும் பாரமாப்போச்சு, ஆரூரன் படியில ஏறினாலும் எனக்கு நெஞ்சு திக்கெண்டும்.

மாசியில முதலாளிமார் கடைசிச் சொல்லை அனுப்பிச்சினம். வெள்ளிக்கிழமைக்குள்ள ஓமெண்டால் முப்பது ஆட்டத்தோட ஒரு குட்டி சீசன், காயப்பட்டவையை அனுப்பிற புதுப் பிரிவு அப்பிடியே இருக்கும், அடுத்த வருசம் பாப்பம். இல்லையெண்டால் சீசன் ரத்து. பன்னிரண்டு குழுவில ஏழு குழு ஓமெண்டால் போதும். வெள்ளி காலமைக்குள்ள ஆறு ஓமெண்டிட்டுது, ஐஞ்சு இல்லையெண்டிட்டுது, மிச்சம் இருந்தது எங்கட குழு ஒண்டுதான்.

மத்தியானம் ஐஸிலயே கூடிச்சினம். பெண்டுகளை வெளியில போகச் சொல்ல, பரமேஸ் வந்து இடுப்பில கைவச்சு, இப்ப வாளியை அசைச்சால் பொங்கின மா அமந்துபோம், நாங்கள் போகமாட்டம், உங்கட கதையை நீங்கள் கதையுங்கோ, எங்களுக்கு இங்கிலீசு விளங்காது எண்டு நல்ல இங்கிலீசில சொன்னா. நடுவட்டத்தில படுத்திருந்த கிழவன் கிழவியளும் எழும்பேல்லை. சரியெண்டு இருவத்திமூண்டு ஆம்பிளையளும் சொக்ஸோட வாளியளுக்கு நடுவில சப்பாணி கட்டி இருந்தினம். லெவாசர் கடிதத்தை வாசிச்சான். அவையும் பாவம், களைச்சுப்போச்சினம், ஒருத்தனுக்குப் பிள்ளை பிறக்கப்போகுது, இன்னொருத்தன் வீட்டைக் கட்டினபாதியில விட்டிட்டு நிக்கிறான். ஓமெண்டுறவை கையை உயத்துங்கோ எண்டு கேக்க, ஒண்டொண்டா கையள் மேல போச்சுது. ஆரூரன்ர கையும் போச்சுது. நான் யோகராணியைப் பாத்தன். அவ வாளியளின்ர மூண்டாம் வரிசையில, மடியில ஒரு சட்டியை வச்சுக்கொண்டு இருந்தா, கண் அந்தக் கையிலயே நிண்டது.

என்ன நினைச்சானோ, ஆரூரன் கையைக் கீழ போட்டிட்டு, கோல் கம்பத்தைப் பிடிச்சு எழும்பி நிண்டான். அவன் இங்கிலீசில சொன்னதை நான் எங்கட கதையில சொல்லுறன்.

"எனக்கு ஓமெண்டு சொல்ல உரிமையில்லை, நான் விளையாடப்போறதில்லை. பங்குனியில அடிபட்டதில இருந்து என்ர தலை சரியில்லை. வெளிச்சத்தைப் பாக்கேலாது, வாசிக்கேலாது, முந்தநாள் என்ர வீட்டு நம்பரை மறந்துபோய்த் தெருவில நிண்டனான். சீசன் பூட்டு எண்ட அண்டைக்கு நீங்கள் எல்லாரும் தூசணத்தில பேசினீங்கள், நானும் பேசினன். பேந்து கார்ப்பார்க்கில போயிருந்து, அப்பாடா எண்டு அழுதனான்."

பிறகு யூஹானி தொண்டையைச் செருமிப்போட்டு, தன்ர இடுப்பு முடிஞ்சு ரெண்டு வருசம், காலமையில சொக்ஸ் போட்டு விடுறது பெண்சாதி எண்டான். வலப்பக்கத்தில ஓடுற பெடியன் ஒருத்தன், ஊசி போடாமல் தான் ஒரு ஆட்டமும் இறங்கினதில்லை எண்டான். பிள்ளை பிறக்கப்போறவன், பிள்ளையைத் தூக்கத் தோள் விடுமோ எண்டு பயமாக்கிடக்கு எண்டு சொன்னான். கடைசியில கப்டன் லெவாசர், தனக்கு இடக்காது கேக்கிறதில்லை, மூண்டு வருசமா கோச் சொன்னதுக்கெல்லாம் சும்மா தலையாட்டினதுதான் எண்டு சொல்ல, முதலில ஒருத்தன் சிரிச்சான், பிறகு எல்லாருக்கும் சிரிப்பு, உந்தப் பெரிய மாடுகள் எல்லாம் ஒண்டையொண்டு பிடிச்சுக்கொண்டு கண்ணீர் வழியச் சிரிச்சுதுகள், இங்கிலீசு விளங்காத பரமேஸும் சேலைத்தலைப்பால மூக்கைத் துடைச்சா. சிரிப்பு அடங்க லெவாசர் திரும்பவும் கேட்டான். ஒரு கையும் மேல போகேல்லை.

அந்த வருசச் சீசன் அதோட சரி. அடுத்த புரட்டாதியில முதலாளிமார் அந்தப் பிரிவை வெட்டிப்போட்டுத்தான் கையெழுத்து வாங்கிச்சினம், நேசமும் செல்லத்துரையும் பழையபடி வேலைக்கு வந்தினம், நானும் முழுநேரம் வண்டியில ஏறினன். ஆனால் அது அண்டைக்கு எங்களுக்குத் தெரியாது. தெரியாமலே எனக்கு நெஞ்சில இருந்த கல்லு இறங்கிச்சுது, வேலை போனவனுக்கு வரக்கூடாத நிம்மதி அது, வந்தது.

ஆரூரன் தாய்க்குப் பக்கத்தில போய் இருந்தான்.

"அம்மா, உங்களுக்குச் சொல்லாமல் விட்டிட்டன்," எண்டான்.

"எனக்குத் தெரியும். சித்திரையில இருந்து தெரியும்."

"அப்ப ஏன் நிப்பாட்டு எண்டு சொல்லேல்லை?"

"நான் சொல்லி நீ நிப்பாட்டினால், சாகுமட்டும் அம்மாவாலதான் விட்டனான் எண்டு இருப்பாய். நீயாச் சொல்லுமட்டும் பாத்துக்கொண்டு இருந்தன், ராசா. இன்னும் ஒரு நிமிசம் போயிருந்தால் நான் கத்தியிருப்பன்."

அவன் சட்டியைத் தள்ளி வச்சிட்டு அவவின்ர மடியில தலையை வச்சான். ரெண்டு நிமிசம் படுக்கிறன் எண்டான். படுத்தவன் அப்பிடியே நித்திரையாப்போனான். மேல் யன்னலால நடுமத்தியான வெயில் விழுந்துகொண்டிருந்தது, அவ கையால அவன்ர கண்ணை மறைச்சுப் பிடிச்சா.

அப்பதான் ஐஸ் உருகத் துவங்கிச்சுது. முதலில அவன்ர குதிக்கால் நனைஞ்சுது, பிறகு என்ர சொக்ஸ் நனைஞ்சுது, கொஞ்சநேரத்தில கணுக்கால் மட்டும் இளஞ்சூட்டுத் தண்ணி. வீரர்கள் ஒரு சத்தமும் போடாமல், நுனிக்காலில நடந்து, பெண்டுகளின்ர வாளியளை ஒவ்வொண்டாத் தூக்கி, சனம் இருந்து பாக்கிற மேல் வாங்குகளில வச்சினம். கிழவன் கிழவியளைக் கைத்தாங்கலா ஏத்திச்சினம். நான் யோகராணியிட்டை போய், தங்கச்சி, எழுப்பு, நனையிறான் எண்டு குனிஞ்சு சொன்னன்.

"தொடாதேங்கோ அண்ணை," எண்டா. "பங்குனிக்குப் பிறகு இண்டைக்குத்தான் நித்திரை கொள்ளுறான்."

முப்பத்தொரு வருசமா அந்த ஐஸில ஒரு கீறல் விழாமல் காத்தவன் நான். மெசின் அறைக்குப் போய், தண்ணி வெளியேறுற கதவை, சத்தம் போடக்கூடாது எண்டு, கால்வாசி மட்டும் திறந்துவிட்டன். தண்ணி வடிய மூண்டு மணித்தியாலம் எடுத்தது. அவன் கண் முழிக்கேக்கை மைதானம் வெறும் சீமெந்தாக் கிடந்தது, சுத்திவர நாங்கள் எல்லாரும் நனைஞ்ச சொக்ஸோட இருந்தம், ஒருத்தரும் வீட்டை போகேல்லை. அவன் என்னைத்தான் முதலில கண்டான். சபா மாமா, ஐஸ் எங்க எண்டு கேட்டான்.